வெளிநாட்டில் ரோமிங் பில் ஏறாமல் இலங்கை நம்பரை உயிரோடு வைத்திருப்பது எப்படி?

வெளிநாடு போகும்போது சிம்மைக் கழற்றிப் பேர்ஸில் வைத்துவிட்டால் ரோமிங் காசு (நம் சிம் வெளிநாட்டு நெட்வொர்க்கில் இயங்குவதற்கான கட்டணம்) போகாது என்று பலரும் சொல்வார்கள். காசு போகாதுதான். ஆனால் அங்கே ஹோட்டலுக்கு கார்டில் கட்டப் போகும்போது வங்கி அனுப்பும் ஓடிபி அந்தச் சிம்முக்குத்தானே வரும்? வங்கிச் செயலியில் மறுபடி லொகின் பண்ணச் சொன்னாலும் அதே கதை. அதனால் நமக்குத் தேவை இதுதான்: இலங்கைச் சிம் போனுக்குள்ளேயே இருக்க வேண்டும், எஸ்எம்எஸ் வர வேண்டும், ஆனால் அதன் வழியாக ஒரு துளி டேட்டாவும் போகக்கூடாது. டேட்டாவை வேறொரு மலிவான வழியில் எடுத்துக்கொள்வோம்.

கொழும்பில் இருந்து சென்னை, சிங்கப்பூர், ஐரோப்பா என்று போகிறபோதெல்லாம் நான் செய்வது இந்த முறையைத்தான். வீட்டில் யார் பயணம் போனாலும் அவர்களுடைய போனிலும் இதையே செய்து கொடுக்கிறேன்.

போனைச் சரிபாருங்கள்

*#06# என்று அடியுங்கள். போனின் அடையாளமான வழக்கமான ஐஎம்இஐ எண்களோடு ஈஐடி என்று 32 இலக்கத்தில் ஓர் எண்ணும் வந்தால் உங்கள் போன் ஈசிம்மை, அதாவது அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே இறக்கிக்கொள்ளும் சிம்மை, ஏற்கும். ஐபோனில் 2018இல் வந்த எக்ஸ்எஸ், எக்ஸ்ஆர் தொடக்கம் இந்த வசதி இருக்கிறது. சீனச் சந்தைக்கென்று செய்த ஐபோன்களில் பெரும்பாலும் ஈசிம் இல்லை, அவற்றில் இரண்டு சாதாரண சிம் போடும் தட்டுத்தான் இருக்கும். சாம்சங்கில் ஒரே மாடல்கூட எந்த நாட்டுக்காகச் செய்தது என்பதைப் பொறுத்து மாறும், ஆகவே கடைக்காரர் சொல்வதைவிட *#06# சொல்வதை நம்புங்கள்.

லிபர்ட்டி பிளாசாவிலோ புறக்கோட்டையிலோ வாங்கிய, வெளிநாட்டில் இருந்து வந்த பாவித்த போன் என்றால், வேறு நிறுவனத்தின் சிம்மை ஏற்காதபடி லொக் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஐபோனில் செட்டிங்ஸ், ஜெனரல், அபவுட் என்று போய்க் கீழே இறங்கினால் கேரியர் லொக் என்ற வரி இருக்கும். அதில் 'நோ சிம் ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்' என்று இருந்தால் பிரச்சினை இல்லை.

ஈசிம் இல்லாவிட்டால் கவலைப்படாதீர்கள். இரண்டு சிம் போடும் போனாக இருந்தால், போன இடத்தில் வாங்கும் சிம்மை இரண்டாவது இடத்தில் போட்டுக்கொள்ளலாம். கீழே சொல்லும் செட்டிங்ஸ் அதற்கும் பொருந்தும்.

எதை வாங்குவது?

குறுகிய பயணத்துக்கு என் தெரிவு பயண ஈசிம். ஏராலோ, நோமாட், ஹோலாஃப்ளை என்று அதை விற்கும் நிறுவனங்கள் பல இருக்கின்றன. ஹோலாஃப்ளை அளவில்லாத டேட்டா என்று விற்கிறது, ஆனால் வரைபடம், வட்ஸ்அப், மின்னஞ்சல் பார்ப்பவருக்கு அவ்வளவு எதற்கு? 3 அல்லது 5 ஜிபி பொதி ஒன்றை எடுத்துவிட்டு, முடிந்தால் செயலியிலேயே கூட்டிக்கொள்வதுதான் எனக்குப் பிடித்த வழி. விலை டொலரில் இருக்கும். வங்கியின் மாற்று வீதமும் அதன் மேல் வரும் கட்டணங்களும் சேரும் என்பதை மனதில் வைத்து ஒப்பிடுங்கள்.

வைத்தியத்துக்காக வேலூரில் வாரக்கணக்கில் தங்கப் போகிறீர்கள் என்றால் கதை வேறு. ஆஸ்பத்திரியில் இருந்து அழைப்பார்கள், மருந்துக்கடையில் நம்பர் கேட்பார்கள். பயண ஈசிம்மில் பெரும்பாலும் டேட்டா மட்டும்தான், நம்பர் கிடையாது. அப்படியானவர்கள் கடவுச்சீட்டையும் விசாவையும் கொண்டுபோய் இந்தியச் சிம் ஒன்றை எடுப்பதே நல்லது. அது உடனே இயங்கிவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். முதல் நாளுக்காவது சிறிய ஈசிம் ஒன்று கையில் இருந்தால் நிம்மதி.

இலங்கை மொபைல் நிறுவனங்களின் ரோமிங் பொதிகளை நான் ஒதுக்குவதில்லை. செட்டிங்ஸில் கை வைக்கப் பயப்படும் அம்மா அப்பாவுக்கு அதைத்தான் போட்டுக் கொடுப்பேன். அவர்கள் போனை ஓன் பண்ணினால் போதும். ஆனால் எந்த நாடு, அந்த நாட்டில் எந்த நெட்வொர்க், எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடியும் என்ற மூன்றையும் பார்த்துவிட்டு வாங்குங்கள். பொதியில் இல்லாத நெட்வொர்க்கைப் போன் பிடித்தால் சாதாரண வீதத்தில் காசு போக இடமுண்டு.

கட்டுநாயக்க விமான நிலையத்துக்குக் கிளம்ப முன்

இவற்றை வீட்டு வைஃபையில் இருந்தபடியே முடித்துவிடுங்கள்.

உங்கள் மொபைல் நிறுவனத்தின் செயலியில் ரோமிங் சேவை ஓனில் இருக்கிறதா என்று பாருங்கள். இது டேட்டா ரோமிங் இல்லை, சிம் வெளிநாட்டில் இயங்குவதற்கான அடிப்படை அனுமதி. இது இல்லாவிட்டால் ஓடிபி வராது. போஸ்ட்பெய்ட் இணைப்புகள் சிலவற்றுக்கு வைப்புத் தொகை கேட்பார்கள், ஆகவே கடைசி நாள் வரை தள்ள வேண்டாம். பிரீபெய்ட் என்றால் கொஞ்சம் ரீலோட் போட்டு வையுங்கள். ரோமிங்கில் எஸ்எம்எஸ் வருவதற்குப் பொதுவாகக் காசு இல்லை. அழைப்பு வந்து நீங்கள் எடுத்தால் நிமிடக் கணக்கில் காசு உண்டு. இரண்டையும் நிறுவனத்தின் கட்டணப் பட்டியலில் நாட்டின் பெயரைப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து ##002# என்று அடித்து அழையுங்கள். வரும் அழைப்பை வேறிடத்துக்குத் திருப்பிவிடும் கோல் டைவேர்ட் எல்லாம் நீங்கிவிடும். இதை ஏன் வற்புறுத்துகிறேன் என்றால், நீங்கள் எடுக்காமல் விட்ட அழைப்பு வொய்ஸ்மெயிலுக்குப் போனால் அது வெளிநாட்டுக்கு வந்து திரும்பவும் இலங்கைக்குப் போகிற அழைப்பாகக் கணக்கிடப்படலாம். போனைத் தொடாமலேயே காசு போகிற வழி இது.

ஐபோன்காரர்களுக்கு இன்னொன்று. ஐமெசேஜும் ஃபேஸ்டைமும் தங்களைப் பதிவு செய்துகொள்ளப் பின்னணியில் எஸ்எம்எஸ் அனுப்பும், அதற்கு நிறுவனம் காசு எடுக்கக்கூடும். நீங்கள் இவற்றைப் பாவிப்பதே இல்லை என்றால் பயணம் முடியும் வரை இரண்டையும் நிறுத்தி வையுங்கள்.

பிறகு ஈசிம்மை ஏற்றுங்கள். அதற்கு விற்றவர் தரும் கியூஆர் குறியீடு பெரும்பாலும் ஒரு தடவைதான் வேலை செய்யும், ஆகவே ஏற்றிய ஈசிம்மைப் போனில் இருந்து அழித்துவிடாதீர்கள். சில பொதிகளில் ஏற்றிய நிமிடத்தில் இருந்தே நாட்கள் எண்ணப்படும், சிலவற்றில் அங்கே நெட்வொர்க்கைப் பிடித்த பிறகுதான். வாங்கும் பக்கத்தில் எழுதியிருப்பார்கள்.

கூகுள் மேப்பில் போகிற ஊரை இறக்கி வையுங்கள். இணையம் இல்லாதபோது அது கார் வழியைத்தான் காட்டும், நடை வழியும் பஸ் நேரமும் காட்டாது.

எல்லோரும் குழம்பும் இடம்

இனி வருவதை ஆறுதலாக வாசியுங்கள். பயணம் போகிறவர்கள் என்னை இரவில் கூப்பிட்டுக் கேட்பதெல்லாம் இதைப் பற்றித்தான்.

'டேட்டா ரோமிங் ஓஃப் பண்ணு' என்று காலம் காலமாகக் கேட்டு வளர்ந்திருக்கிறோம். ஈசிம் வாங்கியவரும் அப்படியே ஓஃப் பண்ணுகிறார். சென்னையில் இறங்கினால் ஈசிம்மில் சிக்னல் நிறைய இருக்கிறது, இணையம் மட்டும் வரவில்லை. ஈசிம் பழுது என்று நினைத்து, பதற்றத்தில் இலங்கைச் சிம்மின் டேட்டாவை ஓன் பண்ணிவிடுகிறார். காசு போவது அங்கேதான்.

பயண ஈசிம் பெரும்பாலும் அந்த நாட்டுச் சிம்மே இல்லை. அது மூன்றாவது ஒரு நாட்டு நிறுவனத்தின் சிம், இந்தியாவிலோ சிங்கப்பூரிலோ ரோமிங் செய்துதான் இயங்குகிறது. அந்த ரோமிங்குக்கான காசு நீங்கள் கட்டிய பொதிக்குள் அடங்கிவிட்டது. ஆகவே ஈசிம்மில் டேட்டா ரோமிங் ஓனில் இருந்தே ஆக வேண்டும். இலங்கைச் சிம்மில் ஓஃபில் இருந்தே ஆக வேண்டும். ஒவ்வொரு சிம்முக்கும் தனித்தனிப் பொத்தான்.

குழப்பம் வராமல் இருக்க முதலில் பெயரை மாற்றுங்கள். போன் தானாக 'பிரைமரி', 'செகண்டரி' என்று வைத்திருக்கும், அதை வைத்து எது எது என்று யாருக்கும் தெரியாது. ஒன்றுக்கு 'இலங்கை', மற்றதற்கு 'பயணம்' என்று தமிழிலேயே எழுதுங்கள்.

ஐபோனில்: செட்டிங்ஸில் மொபைல் சேர்விஸ் (சில போன்களில் செல்லுலர்) போங்கள். 'இலங்கை'யைத் தட்டி டேட்டா ரோமிங்கை ஓஃப் பண்ணுங்கள். வெளியே வந்து 'பயணம்' என்பதைத் தட்டி அதை ஓன் பண்ணுங்கள். அப்புறம் மொபைல் டேட்டா என்ற வரியைத் திறந்து 'பயணம்' என்பதைத் தெரிவு செய்யுங்கள். அதே திரையின் அடியில் 'அலவ் மொபைல் டேட்டா ஸ்விட்சிங்' என்று ஒன்று இருக்கும். அதை ஓஃப் பண்ணுங்கள். அழைப்பு நடக்கும்போது டேட்டாவை மற்றச் சிம்முக்கு மாற்ற அனுமதிக்கும் பொத்தான் அது. இலங்கைச் சிம்மின் ரோமிங் ஏற்கெனவே மூடியிருந்தாலும் இதையும் மூடுங்கள், இரண்டாவது பூட்டாக இருக்கட்டும்.

சாம்சங்கில்: கனெக்‌ஷன்ஸ், சிம் மனேஜர் போய் மொபைல் டேட்டாவுக்குப் 'பயணம்' சிம்மைத் தெரிவு செய்யுங்கள். டேட்டாவைத் தானாக மாற்றும் பொத்தான் அங்கேயே இருக்கும், அதை ஓஃப் பண்ணுங்கள். மொபைல் நெட்வொர்க்ஸ் பகுதியில் டேட்டா ரோமிங் இருக்கும். இரண்டு சிம்முக்கும் தனித்தனியாக இல்லாமல் ஒரே பொத்தான்தான் தெரிந்தால், மொபைல் டேட்டா எந்தச் சிம்மில் நிற்கிறது என்பதை இரண்டு தடவை பாருங்கள்.

இறங்கியதும் திரையின் மேல் மூலையைக் கவனியுங்கள். இரண்டு வரிசையில் சிக்னல் கோடுகள். அன்ட்ராய்ட் போனில் அதன் பக்கத்தில் ஆங்கில ஆர் எழுத்து சின்னதாக நிற்கும். ஈசிம் பக்கத்திலும் அது இருந்தால் பயப்பட வேண்டாம், மேலே சொன்ன காரணத்தால்தான். 'வெல்கம்' என்று இலங்கை நிறுவனத்தின் எஸ்எம்எஸ்ஸும் வரும். அது வந்தால் சந்தோஷப்படுங்கள், ஓடிபியும் வரும் என்று அர்த்தம். இணையம் இன்னும் வராவிட்டால் ஃபிளைட் மோடைப் போட்டு எடுங்கள். அதற்கும் வராவிட்டால் விற்றவர் கொடுத்த ஏபிஎன் (ஈசிம் இணையத்தோடு இணையும் வாசல்) பெயரை ஈசிம்மின் செட்டிங்ஸில் போடுங்கள்.

வட்ஸ்அப் நம்பரை மாற்றவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். பழைய நம்பரிலேயே ஓடும். வீட்டில் எல்லோருக்கும், 'சும்மா கோல் எடுக்காதீர்கள், வட்ஸ்அப்பிலேயே கதைப்போம்' என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

படங்கள் தானாக மேலேறுவது, செயலிகள் அப்டேட் ஆவது இரண்டையும் வைஃபைக்கு மட்டும் என்று வையுங்கள். 5 ஜிபி தாராளமாகப் போதும்.

பிற்சேர்க்கை

இதை வாசித்தவர்கள் கேட்டவற்றில் சிலவற்றைச் சேர்க்கிறேன்.

விமானத்தில்: ஃபிளைட் மோட் போடாமல் விட்டால் சில விமானங்களில் ஏரோமொபைல் போன்ற வான்வழி நெட்வொர்க்கை இலங்கைச் சிம் பிடிக்கும். அதன் வீதம் தரையில் இருப்பதைவிடப் பல மடங்கு, நாட்டுப் பொதிகளில் பெரும்பாலும் அடங்காது. கதவு மூடும்போதே ஃபிளைட் மோடில் போடுங்கள்.

டுபாய்: ஐக்கிய அரபு இராச்சியத்தில் உள்ளூர் நெட்வொர்க்கிலும் வைஃபையிலும் வட்ஸ்அப் அழைப்பு போகாது, செய்தியும் குரல் பதிவும் போகும். உங்கள் செட்டிங்ஸில் பிழை இல்லை, அது அந்த நாட்டு விதி. அங்கே இருக்கும் உறவினர்கள் பாவிக்கும் போட்டிம் செயலியை இரண்டு பக்கமும் போட்டுக்கொள்ளுங்கள்.

தனுஷ்கோடி: இராமேஸ்வரம் போய் அங்கிருந்து தனுஷ்கோடி போகிறவர்களின் போன் இலங்கைக் கோபுரத்தைப் பிடிப்பதுண்டு. இந்தியாவுக்கு மட்டும் என்று வாங்கிய ஈசிம் அப்போது வேலை செய்யாது. நெட்வொர்க் தெரிவைத் தானியங்கியில் இருந்து எடுத்து, இந்திய நெட்வொர்க் ஒன்றைக் கையால் தெரிவு செய்யுங்கள்.

சுவிஸ்: நம் ஆட்கள் அதிகம் போகும் இடம் என்பதால் இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் 2017 ஜூன் முதல் ஒரு நாட்டுச் சிம்மை இன்னொரு நாட்டில் மேலதிக ரோமிங் கட்டணம் இல்லாமல் பாவிக்கலாம். சுவிஸ் அந்த ஒன்றியத்தில் இல்லை, பிரித்தானியாவும் இப்போது இல்லை. பாரிஸில் இருக்கும் சித்தப்பா தன் பிரெஞ்சுச் சிம் ஒன்றைக் கையில் தந்தாலும், 'ஐரோப்பா' என்று போட்ட ஈசிம்மை நீங்களே வாங்கினாலும், நாடுகளின் பட்டியலைத் திறந்து சுவிஸ், பிரித்தானியா இரண்டின் பெயரையும் தேடுங்கள். பாசலில் தங்குகிறவர்கள் இன்னும் கவனம். அந்த நகரம் பிரான்ஸ், ஜெர்மனி எல்லைகளை ஒட்டி இருக்கிறது, பாசலுக்கான விமான நிலையமே பிரெஞ்சு மண்ணில்தான் இருக்கிறது. சுவிஸுக்கு மட்டும் வாங்கிய ஈசிம் அங்கே இறங்கியதும் பிரெஞ்சு நெட்வொர்க்கில் நின்று இணையம் இல்லாமல் தவிக்கும். மூன்று நாடுகளும் பட்டியலில் உள்ள பொதியை எடுங்கள், விலை வித்தியாசம் பெரிதாக இருக்காது.