இக்ஸி செய்தும் ஒன்றுகூடக் கருவுறவில்லையா? அறிக்கையை இப்படிப் பாருங்கள்

ஒரு விந்தணுவை ஊசியால் நேராகக் கருமுட்டைக்குள் செலுத்தும் சிகிச்சைதான் இக்ஸி. கருவியல் ஆய்வகத்தில் வேலை பார்ப்பதால் இந்தக் கேள்வி என்னிடம் அடிக்கடி வரும்: "விந்தணு எண்ணிக்கை சரி, நீந்தும் வேகம் சரி, ஊசியால் கருமுட்டைக்குள்ளேயே செலுத்தினார்கள். அப்புறம் ஏன்?"

முதலில் முதிர்ந்த முட்டைகள் எத்தனை என்று பாருங்கள். அறிக்கையில் 'எம் 2' என்று இருக்கும். எடுத்ததில் பெரும்பாலானவை முதிராதவை என்றால் விந்தணுமேல் பழி போட வேண்டாம்.

அடுத்து, செலுத்தி 16 முதல் 18 மணி நேரம் கழித்து எழுதிய குறிப்பு. கருவுற்றிருந்தால் முட்டைக்குள் இரண்டு வட்டங்கள் ஒட்டி நிற்கும். ஒன்று தாயின் உட்கரு, மற்றது தந்தையுடையது. முதிர்ந்த முட்டைகள் நிறைய இருந்தும் எதிலும் அவை தெரியவில்லை என்றால் எனக்கு பிஎல்சி ஸீட்டாமேல் சந்தேகம் வரும்.

விந்தணுவின் தலையில் இருக்கும் புரதம் அது. 2002இல் கார்டிஃப் ஆய்வாளர்கள் அடையாளம் காட்டினார்கள். முட்டைக்குள் போனதும் அங்குள்ள ஒரு கொழுப்பு மூலக்கூறை வெட்டும். அதில் கிடைக்கும் ஐபி3 என்ற சிறு மூலக்கூறு, முட்டை சேர்த்து வைத்திருக்கும் கால்சியத்தைத் திறந்துவிடும். ஒரே தடவை பொங்கி அடங்காது, மணிக்கணக்கில் அலை அலையாக எழும். அந்த அலைகள்தான் முட்டையை எழுப்புகின்றன. புரதம் இல்லையென்றால் விந்தணு உள்ளே இருந்தும் பயனில்லை. வழக்கமான விந்துப் பரிசோதனையில் இந்தக் குறை தெரியவே தெரியாது.

தலை வடிவம் பற்றிய வரியையும் விடாதீர்கள். எல்லாம் உருண்டைத் தலை, அக்ரோசோம் (தலையை மூடும் தொப்பி போன்ற பை) இல்லை என்று எழுதியிருந்தால் பிஎல்சி ஸீட்டாவும் பெரும்பாலும் குறைந்தோ இல்லாமலோ இருக்கும். இந்த நிலைக்கு டிபிஒய்19எல்2 மரபணுக் கோளாறு ஒரு முக்கியக் காரணம்.

இஸுமோ1 பற்றிப் படித்துவிட்டு வருகிறவர்களும் உண்டு. விந்தணு முட்டையின் செல் சவ்வில் உள்ள ஜூனோ என்ற புரதத்தைப் பற்றிக்கொள்ள உதவும் புரதம் அது. இக்ஸியில் அந்தக் கட்டத்தையே தாண்டிவிடுகிறோம், ஆகவே இங்கே அதைத் தேட வேண்டாம்.

மருத்துவரிடம் மூன்று விஷயம் கேளுங்கள். செலுத்திய விந்தணு முட்டைக்குள்ளேயே தங்கியதா? பிஎல்சி ஸீட்டாவுக்கான பிஎல்சிஇஸட்1 மரபணுவைச் சோதிக்கலாமா? அடுத்த சுற்றில் கால்சியம் அயனோஃபோர் (முட்டைக்குள் கால்சியத்தை உயர்த்தும் வேதிப்பொருள்) கொண்டு முட்டையைத் தூண்டலாமா? கோளாறு முட்டையின் டபிள்யூஇஇ2 மரபணுவில் இருந்தால் அயனோஃபோர் கைகொடுக்காது. அதனால் எடுத்தவுடன் எல்லா முட்டைக்கும் போடச் சொல்லாமல், முட்டை போதுமான அளவு கிடைத்தால் பாதிக்கு மட்டும் போட்டு ஒப்பிட முடியுமா என்று கேட்பதே நல்லது.