200 பிங்கோடு அரீனா: கிழக்கிலிருந்து விளையாடத் தொடங்குகிறவர்களுக்கு

கல்லடியிலோ கல்முனையிலோ இருந்துகொண்டு வேர்ல்ட் ஒஃப் வார்கிராஃப்ட் என்ற ஒன்லைன் கேமின் அரீனாவில் (ஆட்கள் சிறு அணிகளாக மோதும் களம்) இறங்க நினைக்கிறவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது, எந்த கிளாஸ் (கரக்டரின் வகை) பலம் என்று. அதற்கு முந்திய கேள்வி ஒன்று இருக்கிறது: சேர்வர் எங்கே? மேற்கு ஐரோப்பாவும் சிட்னியும் இங்கிருந்து ஏறத்தாழ ஒரே தூரம்தான், 8,500 கிலோமீற்றர் சொச்சம். ஃபைபருக்குள் ஒளி செக்கனுக்கு 2 இலட்சம் கிலோமீற்றர் ஓடும். போய்த் திரும்ப 17,000 என்றால், கேபிள் நேர்கோட்டில் கிடந்தாலே 85 மில்லிசெக்கன் ஆகிவிடும். கேபிள் நேர்கோட்டில் கிடப்பதில்லை. ஆகவே பிங் (சிக்னல் போய்த் திரும்ப எடுக்கும் மில்லிசெக்கன்) 150, 200 என்று காட்டினால் லைன் பழுது என்று கஸ்டமர் கெயாருக்கு அடித்துப் பிரயோசனமில்லை. எந்தப் பெக்கேஜுக்கு மாறினாலும் அந்தத் தூரம் குறையாது.

தூரம் ஒன்றாக இருப்பதால் நேரத்தைப் பார்த்துத்தான் தெரிவு செய்ய வேண்டும். ஐரோப்பாவில் ஆட்கள் நிரம்புவது அவர்களின் இரவு 7 மணி தொடக்கம் 11 மணி வரை. அவர்களின் கோடையில் அது நமக்கு இரவு 10.30 – 2.30, குளிர்காலத்தில் 11.30 – 3.30. சிட்னியின் அதே நேரம் நமக்குப் பிற்பகல் 2.30 – 6.30; அவர்கள் மணிக்கூட்டை முன்தள்ளும் மாதங்களில் 1.30 – 5.30. பின்னேரம் ரியூஷன் இருக்கிற பிள்ளைக்கு ஓஷியானிக் (சிட்னிச் சேர்வர்) சரிவராது; விடிய வேலைக்குப் போகிறவருக்கு ஐரோப்பா சரிவராது. ஓஷியானிக் ரெல்ம்கள் (சேர்வர்கள்) அமெரிக்க வலயத்துக்குள் அடங்குகின்றன என்பதையும் நினைவில் வையுங்கள். ஐரோப்பிய வலயத்தில் வளர்த்த கரக்டரை அங்கே கொண்டுபோக வழி இல்லை, திரும்பப் புதிதாகத்தான் தொடங்க வேண்டும். 20ஆம் லெவல் வரை காசு கட்டாமல் விளையாடலாம் என்பதால், இரண்டு வலயத்திலும் ஒவ்வொரு கரக்டர் போட்டு, நீங்கள் உண்மையில் விளையாடப்போகும் நேரத்தில் பிங்கை அளந்து பாருங்கள். மெனுப் பட்டையில் மவுஸை வைத்தால் ஹோம், வேர்ல்ட் என்று இரண்டு எண் வரும். சண்டைக்குக் கணக்கு வேர்ல்ட்.

பிங் உயரமாக இருப்பதைவிட ஏறி இறங்குவதுதான் ஆளைக் கொல்லும். நிலையான 190ஐக் கைகள் இரண்டு கிழமையில் பழகிக்கொள்ளும். 120க்கும் 400க்கும் இடையில் ஆடுகிற லைனை யாராலும் பழக முடியாது. வைஃபையை விட்டு ரவுட்டரிலிருந்து நேரே வயர் இழுங்கள். 4G ரவுட்டர் என்றால் இரவு 8 – 10 மணிக்கு டவர் நெரிசலில் பிங் துள்ளும். அந்த நேரத்தை ரேட்டிங் (வெற்றி தோல்விக்கு ஏறி இறங்கும் புள்ளி) இல்லாத ஆட்டங்களுக்கு ஒதுக்குங்கள். வீட்டில் வேறு போன்கள் வீடியோ அப்லோட் செய்துகொண்டிருந்தால் அதுவும் துள்ளும்.

இந்தப் பிங்குக்கு ஏற்ற கிளாஸ் எது? எதிராளியின் அசைவுக்குக் கண்ணிமைக்கும் நேரத்தில் பதில் சொல்லித்தான் வாழ வேண்டும் என்ற கிளாஸ்களைத் தவிருங்கள். ரோக் அப்படிப்பட்டது: ஸ்டன் (எதிரியை அசையவிடாத அடி) முடியும் நுனியில் அடுத்த ஸ்டன் விழவேண்டும். பீஸ்ட் மாஸ்டரி ஹண்டர் ஓடிக்கொண்டே அடிக்கலாம், நின்று காஸ்ட் பிடிக்க (மந்திரம் முடியும்வரை காத்திருக்க) தேவையில்லை. ரெட்ரிபியூஷன் பலடினின் அடிகள் பெரும்பாலும் உடனடி. டிவைன் ஷீல்ட் என்ற 8 செக்கன் குமிழி கையில் இருப்பதால் ஒரு பிழையை மன்னித்துவிடும். ஹீலராக (கூட்டாளிகளின் உயிரை நிரப்புகிறவராக) விருப்பமென்றால் ரெஸ்டோரேஷன் ட்ரூயிட்: அடி விழுமுன்பே போட்டுவைக்கும் ஹீல்கள் என்பதால் 200 மில்லிசெக்கன் பெரிதாக உறுத்தாது. ஒரே கிளாஸ், ஒரே ஸ்பெக் (கிளாஸின் உட்பிரிவு). முதல் சீசனில் மாற்றாதீர்கள்.

கியரைப் (உடை, ஆயுதங்கள்) பற்றி அதிகம் சொல்ல இல்லை. மொன்ஸ்டர் அடித்து எடுத்த கியரோடு வரவேண்டாம். ஆட்களோடு மோதுவதற்கென்றே இருக்கும் பிவிபி கியரின் ஐட்டம் லெவல் (பலத்தின் அளவு) அரீனாவுக்குள் தானாக உயரும், மற்றதற்கு உயராது. பட்டில்கிரவுண்ட் (பெரிய அணிகளின் ஆட்டம்) ஆடி ஹொனர் புள்ளி சேர்த்து முழு செட்டையும் வாங்குங்கள். பிறகு ரேட்டட் ஆட்டங்களில் வரும் கொன்குவெஸ்ட் புள்ளியில் துண்டு துண்டாக மாற்றலாம். முதலில் வாங்கவேண்டியது ஆயுதம் அல்ல, ஸ்டன் போன்றவற்றிலிருந்து உங்களை விடுவிக்கும் கிளேடியேட்டர்ஸ் மெடாலியன். எல்லாரும் ட்ரிங்கெட் என்று சொல்வது அதைத்தான். அது இல்லாமல் கியூ போடுவது (ஆட்டத்துக்கு வரிசையில் நிற்பது) கூட ஆடுகிறவர்களுக்கும் செய்கிற அநியாயம்.

கீபோட்டில் மூன்று பழக்கங்கள் போதும். மவுஸால் ஐகனைத் தட்டுவதை நிறுத்துங்கள். பின்னோக்கி நடக்கும் கீயைக் கழற்றி வேறு வேலைக்குப் போடுங்கள் (பின்நடை மெதுவானது, அதில் தப்பினவர் கிடையாது). திரும்புவதை மவுஸால் செய்யுங்கள். இன்டரப்ட் (எதிரியின் காஸ்டை வெட்டுவது), ட்ரிங்கெட், பெரிய டிஃபென்சிவ் (உயிர் காக்கும் வித்தை) மூன்றும் விரல் எட்டும் கீயில் இருக்கட்டும். ஆனால் ட்ரிங்கெட் கீ பதற்றத்தில் தற்செயலாக அமுங்குகிற இடத்தில் இருக்கக்கூடாது. கதவு திறந்ததும் எதிர் ஹீலரை ஃபோகஸில் (இலக்கைத் தவிர இன்னொருவரைக் குறித்துவைக்கும் இடம்) போடுங்கள். சொலோ ஷஃபிளில் (தனியே வந்து கூட்டாளி மாறி மாறி ஆடும் முறை) ஒவ்வொரு ரவுண்டும் எதிராளி மாறுவதால் இதை ரவுண்டுக்கு ரவுண்டு செய்யவேண்டும். மறந்தால் போன ரவுண்டில் எதிரியாக இருந்த உங்கள் ஹீலரே ஃபோகஸில் நிற்பார், ஃபோகஸ் மேல் போகும்படி வைத்த இன்டரப்ட் கீயை அமுக்கினால் ஒன்றுமே நடக்காது.

இனி விஷயத்துக்கு வருவோம். அரீனாவில் ஆட்கள் சாவது அடி பெரிது என்பதால் அல்ல. அடி விழும்போது கையில் ஒன்றும் மிச்சமில்லை என்பதால். எதிரி உங்களை அசையவிடாமல் செய்யும் வித்தைகள் வகை வகையாக இருக்கின்றன: ஸ்டன் ஒரு வகை, பொலிமோர்ஃப் என்ற ஆடாக்கும் வித்தையும் ஹண்டரின் ஃப்ரீசிங் ட்ரப்பும் ரோக்கின் சாப்பும் இன்னொரு வகை, வார்லொக்கின் ஃபியரும் ரோக்கின் பிளைண்டும் மற்றொரு வகை. ஒரே வகையைத் திரும்பத் திரும்பப் போட்டால் முதல் தடவை முழு நேரம், அடுத்தது பாதி, இப்படிக் குறைந்து கடைசியில் பிடிக்காது. இதுதான் காலங்காலமாக இருந்துவரும் அடிப்படைக் கணக்கு, டிஆர் (டிமினிஷிங் ரிட்டேர்ன்ஸ்) என்பார்கள். கடைசி வித்தை முடிந்து கொஞ்ச நேரம் சும்மா விட்டால் மீண்டும் முழு நேரத்துக்குத் திரும்பும். பட்சுக்குப் பட்ச் இந்த எண்களில் கைவைக்கிறார்கள், சீசன் தொடக்கத்தில் ஒருமுறை சரிபாருங்கள்.

ரோக் சீப் ஷொட் போடுகிறான், 4 செக்கன் ஸ்டன். அதன் வாலில் கிட்னி ஷொட். தனியே போட்டால் 6 செக்கன், இப்போது இரண்டாவது என்பதால் 3 செக்கன்தான். புதியவர் கிட்னி ஷொட்டைக் கண்டதும் பதறி ட்ரிங்கெட்டைத் தட்டுவார். 3 செக்கனுக்காக 2 நிமிடக் கூல்டவுனைக் (திரும்பப் பயன்படுத்தும்வரை காத்திருக்கும் நேரம்) கொடுத்தாயிற்று. அவர் பார்த்திருக்க வேண்டியது தன் ஹீலரை. ஹீலர் கட்டுப்படாமல் நின்றால் ஸ்டன்னைத் தாங்கிக்கொண்டிருங்கள், அவர் பார்த்துக்கொள்வார். ஹீலர் ஆடாகி நிற்கிறார், எதிரிகள் இருவரும் பெரிய கூல்டவுனை (நெடுநேரத்துக்கு ஒருமுறை மட்டும் வரும் அடியை) எரித்துவிட்டார்கள், நீங்கள் முழு ஸ்டன்னில் நிற்கிறீர்கள் என்றால், அதுதான் ட்ரிங்கெட்டின் நேரம். தட்டிய கையோடு டிஃபென்சிவ் ஒன்றும் போகவேண்டும். வெளியே வந்து நின்று திரும்ப அடிக்கத் தொடங்கினால் அடுத்த வகை வித்தை வந்து விழும்.

நேரக் கணக்கும் வையுங்கள். 20ஆவது செக்கனில் ட்ரிங்கெட் போனால் திரும்புவது 2 நிமிடம் 20 செக்கனில். எதிரியின் பெரிய அடி நிமிடத்துக்கு ஒருமுறை என்றால், 1.20இல் வரும் இரண்டாவது அடியை ட்ரிங்கெட் இல்லாமல்தான் வாங்க வேண்டும். ஆகவே அதற்கு ஒரு டிஃபென்சிவ்வை ஒதுக்கி, 1.15இல் இருந்தே மைதானத்திலுள்ள தூண் பக்கம் ஒட்டி நில்லுங்கள். ஸ்டன் விழுமுன்பே அந்த டிஃபென்சிவ்வைப் போடுங்கள். 200 பிங்கில் வாழ்கிறவருக்கு இந்த முன்போடுதல்தான் உயிர். விழுந்த பின் பதில் சொல்லும் பந்தயத்தில் பாரிஸில் இருக்கிறவனை நீங்கள் வெல்லப்போவதில்லை.

இன்டரப்ட்டிலும் அதே கதை. பிங் 200 என்றால் திரையில் காண்பது சுமார் 100 மில்லிசெக்கன் பழசு. நீங்கள் அமுக்குவது போய்ச்சேர இன்னொரு 100. காஸ்ட் பட்டை முடிய 0.2 செக்கன் இருக்கும்போது அமுக்கினால் அங்கே அது முடிந்துவிட்டது. பட்டை தொடங்கிய உடனே அமுக்கினாலும் ஆபத்து: அனுபவசாலிகள் காஸ்டைத் தொடங்குவதுபோல் காட்டி நிறுத்திவிடுவார்கள், உங்கள் இன்டரப்ட் காற்றில் போகும். ஒன்றரை செக்கன் காஸ்டில் பட்டை பாதியைத் தாண்டும் இடம் உங்களுக்குரியது. ஒரு தடவை ஏமாந்தால் அடுத்த காஸ்டுக்குப் பாதிக்குச் சற்றுப் பின்னால் போங்கள். எல்லாக் காஸ்டையும் வெட்டவேண்டியதில்லை. ஹீலர் உங்கள் இலக்கு சாகும் நிலையில் பிடிக்கும் ஹீல், உங்கள் ஹீலர் மேல் வரும் ஆடு, இந்த இரண்டுக்காக வைத்திருங்கள்.

தூண்களை எப்படிப் பயன்படுத்துவது என்று பலர் தலைகீழாகப் பழகிவிடுகிறார்கள். எதிரியின் கண்ணிலிருந்து மறைவது பாதி வேலைதான். உங்கள் ஹீலரின் கண்ணில் படுவது மற்றப் பாதி. நக்ராண்ட் அரீனாவில் நான்கு தூண். அடி வாங்கத் தொடங்கியதும் எதிர்க்கரைத் தூணுக்கு ஓடி ஒளிந்தால் எதிரி பின்னால் வருவான், ஹீலர் வரமாட்டார். கதவு திறக்குமுன்பே எந்தத் தூண் நம்முடையது என்று பேசிவிடுங்கள், பொதுவாக நமது கதவுக்குக் கிட்டியது. அடித்துக்கொண்டே அதைவிட்டு இருபது யார்டுக்கு மேல் போகாதீர்கள். ஓடுகிற எதிரியைத் துரத்திக்கொண்டு மைதானத்தின் மற்றக் கரைவரை போவதுதான் புதியவர்கள் தோற்கும் ஆட்டங்களில் அடிக்கடி காணும் காட்சி.

எந்த முறையில் தொடங்குவது? ஸ்கர்மிஷ் என்ற ரேட்டிங் இல்லாத ஆட்டத்தில் கீகள் கைக்கு வரும்வரை ஆடுங்கள். பிறகு சொலோ ஷஃபிள்: ஆறு பேர், நான்கு அடிக்கிறவர்கள், இரண்டு ஹீலர்கள், ஆறு ரவுண்ட், ரவுண்டுக்கு ரவுண்டு கூட்டாளி மாறுவார். ஆள் தேடத் தேவையில்லை. ஒரே மாலையில் எல்லாக் கிளாஸையும் இரண்டு பக்கத்திலிருந்தும் காணலாம். குறை என்னவென்றால் யாரோடும் பேசிப் பழக முடியாது. உங்கள் பக்கத்தில் இன்னும் ஒருவர் கிடைத்தால், ஏறாவூரில் இருந்தாலும் அக்கரைப்பற்றில் இருந்தாலும், இரண்டுக்கு இரண்டு ஆடுங்கள். ஒருவர் ஹீலர், ஒருவர் அடிக்கிறவர். முதல் இலக்கு 1000 ரேட்டிங், அங்கே கொம்பட்டன்ட் பட்டம். 1400இல் சலஞ்சர், 1800இல் ரைவல். 1400 வரை கூல்டவுனைச் சரியாக ஒதுக்கினாலே போகலாம், விசேட சாமர்த்தியம் தேவையில்லை.

டிஸ்கோர்டில் பேசும்போது வசனம் பேசாதீர்கள். நான்கு விஷயங்களுக்கு மட்டும் சொல்: நான் கட்டுப்பட்டுவிட்டேன் (எத்தனை செக்கன் என்பதோடு), என் ட்ரிங்கெட் போச்சு, எதிரி ட்ரிங்கெட் போச்சு, இப்ப அடி. “ஆடு, ஆறு” என்றால் நான் ஆடாகிவிட்டேன், ஆறு செக்கன் உன்னைப் பார்க்க முடியாது. “மேஜ் ட்ரிங்கெட் போச்சு” என்றால் அடுத்த ஸ்டன் அவனுக்கு. “மச்சான் கொஞ்சம் பாருடா, இவன் என்னை என்ன செய்யிறான் எண்டு” என்று தொடங்கினால் அந்த வசனம் முடியுமுன் செத்துவிடுவீர்கள். எதிரி ட்ரிங்கெட் தட்டிய நேரத்தை உரத்துச் சொல்லும் பொறுப்பை ஹீலருக்குக் கொடுங்கள், அவர்தான் மைதானம் முழுவதையும் பார்க்கிறார்.

தோற்ற ஆட்டங்களைப் பதிவு செய்து, செத்த இடத்திலிருந்து 10 செக்கன் பின்னால் போய்ப் பாருங்கள், முழுவதும் வேண்டாம். சாகும்போது பயன்படுத்தாத டிஃபென்சிவ் ஏதாவது வெளிச்சமாக இருந்ததா? ட்ரிங்கெட் எதற்குப் போனது? ஹீலர் எங்கே நின்றார்? முதல் மாதத்தில் விடை பெரும்பாலும் முதல் கேள்வியிலேயே கிடைக்கும்.

ஷஃபிளை நடுவில் விட்டால் ரேட்டிங்கும் போகும், அடுத்த கியூவுக்குத் தடையும் விழும்; லைன் அறுந்து போனாலும் கேமுக்கு நீங்கள் ஓடிப்போனவர்தான். கார்த்திகை, மார்கழி மழையில் கரண்ட் ஒரு செக்கன் வெட்டிவிட்டு வந்தாலும் ரவுட்டர் எழும்ப ஓரிரு நிமிடம் ஆகும், அதற்குள் ரவுண்ட் முடிந்துவிடும். கொம்பியூட்டருக்கு யூபிஎஸ் வாங்கியவர்கள் ரவுட்டரையும் ஃபைபர்ப் பெட்டியையும் அதிலேயே சொருகுங்கள். லப்டொப்காரருக்கு ரவுட்டருக்கான சின்ன 12 வோல்ட் யூபிஎஸ் போதும், ஆனால் ரவுட்டர் அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட்டைப் பார்த்து வாங்குங்கள். அறுந்தால் உடனே லொகின் செய்யுங்கள். ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தால் அதற்குள்ளேயே திரும்ப விழுவீர்கள். இடி கேட்கத் தொடங்கினால் ஷஃபிளுக்குக் கியூ போடாமல் ஸ்கர்மிஷ் ஆடுங்கள்.