ஐபோனுக்குச் செயலி எழுதுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோலாலம்பூரில் செயலி எழுதும் நம் பிள்ளைகள் இப்போது நிறைய. டியூஷன் மையம், புடவைக்கடை, கேட்டரிங், கோயில் அர்ச்சனைச் சீட்டு என்று வேலையும் வந்துகொண்டே இருக்கிறது. நன்றாகவே எழுதுகிறார்கள். ஆனால் ஆப்பிளின் வாசலில் போய் நிற்கும்போது, நாங்கள் தொடக்கத்தில் விழுந்த அதே பள்ளங்களில் இவர்களும் விழுகிறார்கள். ஐகான் அளவு தப்பு, ஸ்கிரீன்ஷாட் பழசு என்பதெல்லாம் இங்கே இல்லை, அன்றைக்கே திருத்திவிடலாம். பணத்தையும் மாதங்களையும் தின்கிற தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

ஐபோனில் எந்த மென்பொருள் ஓடலாம் என்பதை ஆப்பிள்தான் முடிவு செய்கிறது. 2008 ஜூலையில் சுமார் 500 செயலிகளோடு ஆப் ஸ்டோர் திறந்த நாளிலிருந்து இதுதான் ஏற்பாடு. புதிய செயலியோ, ஏற்கெனவே உள்ளதன் அடுத்த பதிப்போ, அவர்கள் பார்த்து ஒப்புதல் தந்த பிறகுதான் வெளியே வரும். மலேசியாவில் நம் வாடிக்கையாளர்களுக்கு வேறு கடை கிடையாது. அதனால் ஆப்பிளின் செயலிப் பரிசீலனை விதிகளை முதல் வரி கோட் எழுதும் முன்பே படிக்க வேண்டும். பெரும்பாலோர் முதல் நிராகரிப்பு வந்த பிறகுதான் படிக்கிறார்கள்.

யார் பெயரில் கணக்கு என்று யோசிக்காமல் திறப்பது

ஆண்டுக்கு 99 அமெரிக்க டாலர் கட்டினால் டெவலப்பர் கணக்கு கிடைக்கும். அதில் தனிநபர் கணக்கு, நிறுவனக் கணக்கு என்று இரண்டு வகை. தனிநபராகத் திறந்தால் ஸ்டோரில் விற்பவர் என்ற இடத்தில் உங்கள் சொந்தப் பெயர் நிற்கும். நிறுவனப் பதிவு ஆணையமான எஸ்.எஸ்.எம்.மில் 'என்டர்பிரைஸ்' என்று பதிந்திருக்கிறோமே, கடைப் பெயர் வராதா என்று கேட்கிறார்கள். வராது. தனி உரிமையாளர் வணிகத்தை ஆப்பிள் தனிநபராகத்தான் எடுத்துக்கொள்ளும். நிறுவனப் பெயர் வேண்டுமென்றால் செண்டிரியான் பெர்ஹாட் (தனியார் நிறுவனம்) போலச் சட்டப்படி தனித்து நிற்கும் நிறுவனமும், அதை அடையாளம் காட்டும் டன்ஸ் எண் ஒன்றும் வேண்டும்.

இதைவிட மோசமானது, வாடிக்கையாளர்களின் செயலிகளை எல்லாம் உங்கள் ஒரே கணக்கில் போட்டு வைப்பது. ஒரு வாடிக்கையாளர் செய்யும் கோளாறுக்காகக் கணக்கு மூடப்பட்டால் மற்றவர்களின் செயலிகளும் சேர்ந்தே போகும். அவரவர் கணக்கில் ஏற்றுங்கள். உங்களுக்கு உள்ளே வேலை செய்யும் அனுமதி இருந்தால் போதும்.

காசு வரும் வழியைக் கடைசியில் யோசிப்பது

என்னை இன்றுவரை எரிச்சல்படுத்தும் தவறு இதுதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பிரிக்பீல்ட்ஸில் எஸ்.பி.எம். தேர்வுக்குக் கணிதம் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியை ஒருவர், தெரிந்த தம்பி ஒருவரிடம் செயலி செய்யக் கொடுத்திருந்தார். எல்லாம் முடிந்து, பெற்றோர்களிடமும் தேதி சொல்லியாகிவிட்டது. அப்புறம் நிராகரிப்பு. தம்பி என்னிடம் போனைக் கொடுத்தார். 'வகுப்புக் கட்டணம்' என்ற திரையில் மூன்று வரிகள்: மையத்தில் நேரடி வகுப்பு, ஒருவருக்கு ஒருவர் வீடியோ வகுப்பு, இருபது பேர் சேரும் குழு வீடியோ வகுப்பு. எதைத் தொட்டாலும் ஒரே இடத்துக்குப் போகிறது, வங்கிக் கணக்கிலிருந்து நேரே காசு கட்டும் எஃப்.பி.எக்ஸ். வழியின் வங்கிப் பட்டியல். நிராகரிப்புச் செய்தியில் 3.1.1 என்ற விதி எண் இருந்தது. செயலிக்குள் பயன்படும் டிஜிட்டல் பொருளுக்கு ஆப்பிளின் கட்டண வழியில்தான் காசு வாங்க வேண்டும் என்பது அந்த விதி.

"அண்ணே, மூணுமே டியூஷன்தானே? அக்கா சர்வீஸ்தானே விக்கிறாங்க?" என்றார்.

"தம்பி, அக்காவுக்கு மூணும் ஒண்ணுதான். ஆப்பிளுக்கு மூணும் வேற வேற."

மையத்துக்கு வந்து உட்கார்ந்து படிக்கும் வகுப்பு, செயலிக்கு வெளியே நடப்பது. புடவை, சாப்பாடு, டாக்சி போல அதற்கு இன்-ஆப் பர்ச்சேஸ், அதாவது செயலிக்குள்ளேயே ஆப்பிள் வழியாகக் காசு கட்டும் முறை, கூடவே கூடாது; எஃப்.பி.எக்ஸ்., கார்டு, இ-வாலட் என்று வேறு வழியில்தான் வாங்க வேண்டும். ஓர் ஆசிரியர், ஒரு மாணவர், நேரலை என்றால் 3.1.3-இன் 'டி' பிரிவு நமக்கு விருப்பம் தருகிறது. சொந்த வழியில் வாங்கலாம். ஆனால் ஒருவர் பலருக்கு நேரலையில் நடத்தும் வகுப்பு, சின்னக் குழுவாக இருந்தாலும், இன்-ஆப் பர்ச்சேஸ் வழியாகத்தான் விற்க வேண்டும். பதிவு செய்த பாடங்களும் வினாத்தாள் தொகுப்பும் அப்படியே. அதே ஆசிரியை, அதே பாடம், அதே மாணவர்கள். காசு போகும் பாதை மட்டும் மாறுகிறது.

இன்-ஆப் பர்ச்சேஸ் என்றால் ஆப்பிளுக்குப் பங்கு உண்டு. வழக்கமான விகிதம் 30 சதவீதம். ஆண்டு வருமானம் 10 லட்சம் டாலருக்கு உள்ளே இருக்கும் சிறியவர்களுக்கு 2021 ஜனவரி முதல் 15 சதவீதம். ஆனால் அது தானாக வராது. சிறுதொழில் திட்டத்தில் நீங்களே விண்ணப்பித்துச் சேர வேண்டும். சேராமலேயே 30 கொடுத்துக்கொண்டிருப்பவர்களைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. குழு வகுப்பு மாதம் 60 வெள்ளி (ரிங்கிட்) என்று வைத்துக்கொள்வோம். 30 சதவீதத்தில் ஆசிரியை கைக்கு 42 வெள்ளி, 15 சதவீதத்தில் 51. இருபது பிள்ளைகளுக்கு மாதம் 180 வெள்ளி வித்தியாசம். ஒரு விண்ணப்பத்தை நிரப்பாததற்குக் கொடுக்கும் விலை அது.

இந்தக் கணக்கை ஆசிரியையிடம் யாரும் முன்கூட்டியே சொல்லவில்லை. எஃப்.பி.எக்ஸ். கட்டணம் மட்டும்தான் கழியும் என்று நம்பிப் பெற்றோர்களிடம் விலை சொல்லிவிட்டார். தம்பிக்கோ பணம் வாங்கும் பகுதி முழுவதையும் திரும்ப எழுத வேண்டிய நிலை: சந்தா, ரசீதைச் சர்வரில் சரிபார்ப்பது, போன் மாற்றினால் பழைய வாங்கலை மீட்பது, மூன்று வகுப்புக்கு இரண்டு பணப்பாதை. அதற்குள் பள்ளித் தவணை தொடங்கிவிட்டது.

இந்த இடத்தில் மாட்டிக்கொண்டவர்கள் செய்யும் அடுத்த காரியம்தான் ஆபத்தானது. பரிசீலனை நடக்கும்போது கட்டணத் திரையை மறைத்துவிட்டு, ஒப்புதல் வந்ததும் சர்வரிலிருந்து ஒரு சுவிட்சைத் தட்டித் திறப்பது. யாரோ ஒருவர் இதைத் தந்திரம் என்று சொல்லிக்கொடுத்துக்கொண்டே இருக்கிறார். மறைவான அம்சங்களை விதி வெளிப்படையாகத் தடை செய்கிறது, கணக்கையே மூடலாம். 2020 ஆகஸ்ட் 13-ஆம் தேதி எபிக் கேம்ஸ், ஃபோர்ட்நைட் விளையாட்டுக்குள் தன் சொந்தக் கட்டண வழியைப் பரிசீலனைக்குக் காட்டாமல் இப்படித்தான் திறந்துவிட்டது. அன்றைக்கே செயலி ஸ்டோரிலிருந்து நீக்கப்பட்டது. அந்த மாதம் முடிவதற்குள் எபிக்கின் டெவலப்பர் கணக்கும் போனது. அமெரிக்க ஐபோன்களுக்கு ஃபோர்ட்நைட் திரும்பி வந்தது 2025 மே மாதம்தான். எபிக்கிடம் பணமும் இருந்தது, வழக்கறிஞர்களும் இருந்தார்கள். பிரிக்பீல்ட்ஸ் டியூஷன் மையத்தால் ஒரு தவணைகூடத் தாங்க முடியாது.

"அதான் கோர்ட்டே சொல்லிட்டாங்களே, லிங்க் போட்டுக்கலாம்னு" என்பது இன்னொரு பதில். ஆப்பிள் மீது எபிக் போட்ட வழக்கில் 2025 ஏப்ரல் 30-இல் அமெரிக்க நீதிமன்றம் தந்த உத்தரவு அமெரிக்க ஆப் ஸ்டோருக்கானது. ஐபோனின் இயங்குதளமான ஐ.ஓ.எஸ். 17.4 முதல், அதாவது 2024 மார்ச்சிலிருந்து, வேறு செயலிக் கடைகளுக்கு ஐபோனில் இடம் கிடைத்தது ஐரோப்பிய ஒன்றியத்தில். செய்தியைப் படித்துவிட்டு நம் ஊருக்கும் அதுதான் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மலேசிய ஸ்டோரில் வைக்கும் செயலிக்குள், இன்-ஆப் பர்ச்சேஸில் விற்க வேண்டியதற்கு, இணையதளத்துக்குப் போய்க் காசு கட்டுங்கள் என்று ஒரு பொத்தான் வைத்தாலும் நிராகரிப்புதான்.

"இன்னொரு செயலியில் குழு வகுப்புக்குக் கார்டு வாங்குறாங்களே?" என்றும் கேட்பார்கள். பெருந்தொற்றுக் காலத்தில் நேரடி வகுப்புகள் இணையத்துக்கு மாறியபோது ஆப்பிள் இந்த விதிக்குத் தற்காலிக விலக்கு கொடுத்திருந்தது. அது முடிந்துவிட்டது. அடுத்தவர் செயலி உங்களுக்குச் சாட்சி ஆகாது.

நேர்மையான வழிகள் இருக்கின்றன. இணையதளத்தில் வாங்கிய பாடத்தைச் செயலியில் திறக்க விடலாம்; ஆனால் அதே பாடம் செயலிக்குள்ளும் இன்-ஆப் பர்ச்சேஸாகக் கிடைக்க வேண்டும். இசைந்து மின்னஞ்சல் கொடுத்த வாடிக்கையாளருக்கு, வேறு வழியில் கட்டலாம் என்று செயலிக்கு வெளியே கடிதம் அனுப்பலாம். 2021 அக்டோபரிலிருந்து விதி இதை அனுமதிக்கிறது. பள்ளியோ நிறுவனமோ தன் மாணவர்களுக்காக மொத்தமாக உங்களிடம் நேரடியாக வாங்கினால் அதற்குத் தனிப் பிரிவு உண்டு. இவற்றில் எது உங்களுக்குப் பொருந்தும் என்பதை வாடிக்கையாளரோடு உட்கார்ந்து, விற்கும் ஒவ்வொன்றையும் ஒரு தாளில் எழுதி, பக்கத்தில் பணப்பாதையையும் ஆப்பிளின் பங்கையும் குறித்துவிட்டு, அப்புறம் வடிவமைப்பைத் தொடங்குங்கள். விலையையும் அதற்குப் பிறகே பெற்றோர்களிடம் சொல்லச் சொல்லுங்கள்.

இந்தப் பங்கு நியாயமா என்று கேட்டால், என் பதில் இல்லை என்பதுதான். இருபது பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கும் ஆசிரியையின் உழைப்பில், வகுப்பறைக்குள் கால் வைக்காத ஒரு நிறுவனம் ஏழில் ஒரு பங்கு எடுப்பதை நான் ஏற்கவில்லை. அதைச் சட்டத்தை நோக்கிச் சொல்ல வேண்டும், அரசாங்கத்திடம் கேட்க வேண்டும். வாடிக்கையாளரின் செயலியை வைத்துப் பரீட்சித்துப் பார்க்கக் கூடாது.

பரிசீலிப்பவர் உள்ளே நுழைய முடியாத செயலி

லாகின் வைத்திருந்தால் வேலை செய்யும் சோதனைக் கணக்கு ஒன்று கொடுத்தாக வேண்டும். நம் ஆட்கள் 60-இல் தொடங்கும் எண்ணுக்கு ஓ.டி.பி. அனுப்பும் செயலியைக் கொடுத்து, ஆசிரியையின் கைப்பேசி எண்ணையே சோதனைக் கணக்காக எழுதிவிடுகிறார்கள். நமக்கு நள்ளிரவு என்பது கலிபோர்னியாவில் காலை அலுவலக நேரம். தூங்கிக்கொண்டிருக்கும் அக்காவின் போனுக்கு எண் வருகிறது. பார்ப்பவர் திரையிலேயே நின்று, திருப்பி அனுப்பிவிடுகிறார். சோதனை எண்ணுக்கு மட்டும் மாறாத ஓ.டி.பி. ஒன்று வைத்து, அதைப் பரிசீலனைக் குறிப்பில் எழுதுங்கள். செலவு மிச்சம் என்று இரவில் சர்வரை நிறுத்திவைக்கும் பழக்கம் இருந்தால் அந்த வாரம் நிறுத்தாதீர்கள்.

இணையதளத்தை அப்படியே சுற்றிக் கொடுப்பது

வெறும் இணையதளத்தையே செயலி உறைக்குள் வைத்துக் கொடுத்தால், விதி 4.2-ஐக் காட்டித் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

கணக்கை நீக்க வழி வைக்காதது

2022 ஜூன் 30 முதல் கட்டாயம். செயலிக்குள்ளேயே இருக்க வேண்டும். "எங்களுக்கு வாட்ஸ்அப் செய்யுங்கள்" என்பது சாதாரணச் செயலிக்குப் போதாது.

டெஸ்ட்ஃபிளைட்டைக் கடையாக நினைப்பது

வெளியிடும் முன் செயலியைச் சோதிக்கக் கொடுக்க ஆப்பிள் தரும் வழி டெஸ்ட்ஃபிளைட். வெளியாட்கள் 10,000 பேர் வரை சேர்க்கலாம் என்றதும் ஆசை வருகிறது. ஏற்றும் ஒவ்வொரு சோதனைப் பதிப்பும் 90 நாளில் காலாவதியாகும்.

யாரோ விற்கும் என்டர்பிரைஸ் சான்றிதழ்

பரிசீலனையே வேண்டாம், இந்தச் சான்றிதழில் போட்டுத் தருகிறேன் என்று ஒருவர் வருவார். ஒரு நிறுவனம் தன் உள்வேலைச் செயலிகளை ஸ்டோர் இல்லாமல் நிறுவ ஆப்பிள் தரும் திட்டம் அது: ஆண்டுக்கு 299 டாலர், 100 பேருக்குக் குறையாத ஊழியர்கள் உள்ள நிறுவனத்துக்கு, தன் ஊழியர்களுக்கு மட்டும். 2019 ஜனவரியில் ஃபேஸ்புக் அதை வைத்துப் பொதுமக்களுக்கு ஒரு ஆய்வுச் செயலியைக் கொடுத்தது. ஆப்பிள் சான்றிதழை ரத்து செய்ததும் அந்த நிறுவனத்தின் உள் செயலிகள் எல்லாம் ஒரே அடியில் நின்றன. அதே வாரம் கூகுளுக்கும் அதுவே நடந்தது. நீங்கள் வாங்கும் சான்றிதழ் யாருடையது என்றே தெரியாது. என்றைக்கு நிற்கும் என்பதும் தெரியாது.

ஆண்ட்ராய்டில் பிரச்சினை இல்லை என்று இருந்துவிடுவது

2023 நவம்பர் 13-க்குப் பிறகு திறந்த தனிநபர் கூகுள் பிளே கணக்கு என்றால், குறைந்தது 12 பேரைத் தொடர்ந்து 14 நாள் சோதிக்க வைத்த பிறகுதான் வெளியிட விண்ணப்பிக்க முடியும். கடை இல்லாமல் ஏ.பி.கே. என்ற ஆண்ட்ராய்டு நிறுவல் கோப்பை நேரடியாகக் கொடுக்கலாம் என்றால், அடையாளம் சரிபார்க்கப்பட்ட டெவலப்பரின் செயலிகளுக்கு மட்டுமே இடம் என்ற ஏற்பாட்டை 2026 செப்டம்பரில் சிங்கப்பூர், இந்தோனேசியா, தாய்லாந்து, பிரேசில் நாடுகளில் தொடங்குவதாகக் கூகுள் 2025 ஆகஸ்டில் அறிவித்தது. சிங்கப்பூரில் வாடிக்கையாளர் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டும்.

தீபாவளிக்கு முந்தின வாரம் ஏற்றுவது

ஒரு நிராகரிப்புக்காவது நாள் ஒதுக்கித் தேதி சொல்லுங்கள்.

கோபத்தில் பதில் எழுதுவது

நிராகரிப்புச் செய்தியின் கீழேயே பதில் எழுதும் இடம் உண்டு. படிப்பவர் ஒரு மனிதர். எந்த விதி எண் குறிப்பிடப்பட்டதோ அதை மட்டும் எடுத்து, எந்தத் திரையில் என்ன மாற்றினீர்கள் என்று எழுதி, ஒரு சிறிய வீடியோவும் இணையுங்கள். அவர்கள் தவறாகப் புரிந்துகொண்டார்கள் என்று உறுதியாகத் தெரிந்தால் மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போகலாம். அங்கே போகும்போதும் விதியின் எந்தப் பிரிவு உங்கள் பக்கம் நிற்கிறது என்பதைக் கையில் வைத்துக்கொண்டு போங்கள். அந்தத் தம்பியின் ஒருவருக்கு ஒருவர் வகுப்பு அப்படித்தான், 'டி' பிரிவைக் காட்டி, எஃப்.பி.எக்ஸ். வழியிலேயே நின்றது.