பியானோ இசைத்தாள் வாசிக்கப் பழகும்போது விடும் பிழைகள்

வன்னியில் கீபோட் வாசிக்கிற பிள்ளைகளுக்குக் குறைவில்லை. கிளிநொச்சியோ முல்லைத்தீவோ மாங்குளமோ, தேவாலயப் பாடற்குழுவில் ஒருவர், பள்ளிக்கூட விழா மேடையில் ஒருவர் என்று இருப்பார்கள். ஒரு பாட்டை இரண்டு தரம் கேட்டால் மெட்டைப் பிடித்துவிடுவார்கள். அதே பிள்ளையின் முன்னால் ஐந்து கோடு போட்ட இசைத்தாளை வைத்தால் கை நின்றுவிடுகிறது. மேலைத்தேய சங்கீதத்தைப் பாடமாக எடுக்கும்போதோ தரப் பரீட்சைக்கு ஆயத்தமாகும்போதோதான் இந்தக் குறை தெரியவருகிறது. தொடக்கத்தில் விடும் பிழைகளில் பெரும்பாலானவை ஒரே வகை என்பது என் எண்ணம். கண் பார்க்க வேண்டிய வேலையை வேறு எதனிடமாவது ஒப்படைத்துவிடுகிறோம்: காதிடம், விரல் இலக்கத்திடம், பென்சிலால் எழுதிய எழுத்திடம், சிலவேளை கீபோட்டில் உள்ள ஒரு பொத்தானிடம்.

அந்தப் பொத்தானின் பெயர் ட்ரான்ஸ்போஸ். பாடுகிறவரின் சுருதி எதுவானாலும் சி மேஜரின் (சி என்ற கட்டையில் தொடங்கும் ஸ்வர வரிசையின்) வெள்ளைக் கட்டைகளிலேயே வாசித்து, பொத்தானை அமத்தி சுருதியை ஏற்றி இறக்குவது இங்கே பரவலான பழக்கம். பாட்டுக்குப் பின்னணி வாசிக்க அது உதவும், அதில் பிழை சொல்ல எதுவுமில்லை. இசைத்தாள் பழகும்போது மட்டும் அது கெடுதல். தாளில் சி இருக்கிறது, விரலும் சியில் இருக்கிறது, வெளியே கேட்பது டி. இப்படியே ஆறு மாதம் போனால் கண்ணும் காதும் ஒன்றையொன்று நம்பாது. அதைவிடப் பெரிய நட்டம், கறுப்புக் கட்டைகளை இந்தப் பிள்ளை சந்திப்பதே இல்லை. பயிற்சிக்கு இருக்கும்போது ட்ரான்ஸ்போஸைப் பூச்சியத்தில் வையுங்கள். ஸ்டைல் பொத்தானையும் நிறுத்துங்கள். மெஷின் தாளமும் பேஸும் போட, இடது கை கோர்ட்டை (ஒன்றாக அமத்தும் சில கட்டைகளை) பிடித்துக்கொண்டு சும்மா இருந்தால், தாளின் கீழ்ப்பாதியை வாசிக்க எப்போதும் வராது.

கர்நாடக சங்கீதம் பழகிவிட்டு வருகிறவர்களுக்கு வேறொரு பொறி இருக்கிறது. சி என்றால் ‘ச’ என்று முடிவு கட்டி, தாளிலுள்ள ஒவ்வொரு நோட்டுக்குக் (இசைக்குறிக்குக்) கீழேயும் ச ரி க ம எழுதுவார்கள். சி மேஜரில் அது ஓடும். ஆனால் ஷட்ஜம் ஓரிடத்தில் நிற்பதில்லை. ஒரு கட்டைச் சுருதியில் அது சி, இரண்டு கட்டையில் டி, ஐந்தரையில் ஜி ஷார்ப் (ஜிக்கு வலப்பக்கத்துக் கறுப்புக் கட்டை). தாளில் உள்ள சி எந்தப் பாட்டிலும் அதே கட்டைதான். ஜி மேஜர் பாட்டு ஒன்று வந்ததும், காது ‘ச’ என்று கேட்பதைக் கொப்பி ‘ப’ என்று சொல்லும். அங்கேதான் பலர் மனம் விட்டுப்போகிறார்கள். ஸ்வரத்தைப் பாடுவதற்கு வைத்துக்கொள்ளுங்கள், தாளில் எழுதாதீர்கள். தாளம் போட்டுப் பழகிய கை இருக்கிறதே, அது உங்களுக்குப் பெரிய சொத்து. அதைப் பிறகு சொல்கிறேன்.

நோட்டுக்கு மேலே சி, டி, ஈ என்று எழுதுவதும், கட்டைகளில் ஸ்டிக்கர் ஒட்டுவதும் இதே வகைதான். எழுத்து எழுதிய தாளில் கண் எழுத்தைத்தான் வாசிக்கும், நோட்டின் புள்ளி எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்க்காது. கோடுகளின் எழுத்துகளை நினைவில் வைக்க உதவும் ஆங்கில வசனத்தை மனப்பாடம் செய்தவர்களும் ஒவ்வொரு நோட்டுக்கும் கீழ்க்கோட்டிலிருந்து எண்ணிக்கொண்டு வருவார்கள். இது ‘அம்மா’வை ஒவ்வொரு முறையும் எழுத்துக்கூட்டி வாசிப்பது போலத்தான்.

இதற்குப் பதிலாகச் சில நோட்டுகளை மட்டும் முகம் பார்த்த உடனே தெரிகிற அளவுக்குப் பழகுங்கள். மேல் ஐந்து கோடுகளின் தொடக்கத்தில் இருக்கும் ட்ரெபிள் கிளெஃப் குறியின் சுழி, கீழிருந்து இரண்டாவது கோட்டைச் சுற்றுகிறது. அந்தக் கோடு ஜி. கீழ் ஐந்து கோடுகளின் தொடக்கத்தில் இருக்கும் பேஸ் கிளெஃப் குறியின் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே போகும் கோடு எஃப். இந்த இரண்டு கோட்டுக் கூட்டத்துக்கும் இடையில், தனிக் குட்டிக் கோட்டில் நிற்பது நடு சி. இன்னும் இரண்டைச் சேருங்கள்: மேலே ட்ரெபிளில் கீழிருந்து மூன்றாவது இடைவெளி ஒரு சி, பேஸில் மேலிருந்து மூன்றாவது இடைவெளி இன்னொரு சி. நடு சியில் கண்ணாடி வைத்தால் ஒன்று மற்றதன் நிழல். இந்த ஐந்தும் மனதில் நின்றால் மற்றவற்றுக்குத் தூரம் பார்த்தால் போதும். கோட்டிலிருந்து அடுத்த இடைவெளி என்றால் பக்கத்து எழுத்து. கோட்டிலிருந்து அடுத்த கோடு என்றால் நடுவில் ஒரு எழுத்தைத் தாண்டுகிறோம். புள்ளிகள் ஏறுகிறதா, இறங்குகிறதா, எவ்வளவு என்று பார்க்கப் பழகிய கண் பெயரைத் தேடி நிற்காது.

நடு சி எங்கே என்பதிலும் குழப்பம் வரும். 88 கட்டைப் பியானோவில் அது இடப்பக்கத்திலிருந்து நான்காவது சி. நம் வீடுகளில் இருக்கும் 61 கட்டைக் கீபோட்டில் வழக்கமாக மூன்றாவது. யூரியூப்பில் பியானோவைப் பார்த்து நான்காவதை எண்ணிப் பிடித்தால் எல்லாம் ஒரு ஸ்தாயி மேலே போய்விடும். (கனடாவில் இருந்து வந்த கீபோட் என்றால் இன்னொன்றையும் பாருங்கள்: அடப்டரில் 100-240 வோல்ட் என்று இல்லாமல் 120 மட்டும் இருந்தால் நம்முடைய 230 வோல்ட் பிளக்கில் போடக்கூடாது, எரிந்துவிடும்.)

எந்த விரல் என்று காட்டும் 1 முதல் 5 வரையான விரல் இலக்கத்தை நோட்டின் பெயராக எடுத்துக்கொள்வது சின்னப் பிள்ளைகளிடம் அதிகம். முதல் பாடங்களில் வலது பெருவிரல் சியில் இருப்பதால் ‘1 என்றால் சி’ என்று பதிந்துவிடுகிறது. கை இரண்டு கட்டை நகர்ந்ததும் எல்லாம் பிழைக்கும். ஒரே பாட்டை வேறு விரலில் தொடங்கி வாசிக்கச் சொல்லுங்கள், சரியாகிவிடும்.

இனித் தாளம். சரியான கட்டையைத் தொட்டால் சரியாக வாசித்ததாக நினைக்கிறோம். புள்ளி எங்கே நிற்கிறது என்பது பாதிச் செய்திதான், அதன் உருவம் மீதிப் பாதி. செமிபிரீவுக்கு (காம்பில்லாத வெற்று வட்டம்) நான்கு அடி, மினிமுக்கு (காம்புள்ள வெற்று வட்டம்) இரண்டு, குரோச்செட்டுக்கு (காம்புள்ள கறுப்பு வட்டம்) ஒன்று, குவேவருக்கு (அதோடு ஒரு வாலும்) அரை. பிள்ளைகள் அதிகம் தடுமாறுவது பக்கத்தில் சின்னப் புள்ளி வைத்த குரோச்செட்டும் அதன் பின்னால் ஒரு குவேவரும் வரும் இடத்தில். ஒன்றரை அடி நின்று அரை அடி வாசிக்க வேண்டியதை, ஒவ்வொரு அடியாகச் சமமாக்கிவிடுவார்கள். தாளம் போட்ட கை உதவுவது இங்கேதான். கட்டையைத் தொடாமல், இடது கையால் தொடையில் அடி போட்டு, வாயால் அந்த வரியை ‘தா’ என்று நீட்டியும் குறுக்கியும் சொல்லிப் பாருங்கள். பிறகு வாசியுங்கள். இன்னொன்று, பிழை விட்டால் திரும்பிப்போய்த் திருத்துகிற பழக்கம். அதனால் ஒவ்வொரு பாரும் (இரண்டு குத்துக் கோடுகளுக்கு இடைப்பட்ட பகுதி) ஒரு தடக்கலோடு மனதில் பதிகிறது. வேகத்தைப் பாதியாகக் குறையுங்கள், பிழைத்தாலும் நிற்காமல் போங்கள்.

தாளின் தொடக்கத்தில் உள்ள ஷார்ப் (சுருதியை அரைப்படி ஏற்றும்), ஃபிளாட் (அரைப்படி இறக்கும்) குறிகளைக் கவனிக்காமல் விடுவது அடுத்தது. எஃப் மேஜரில் ட்ரெபிளின் நடுக்கோட்டில் ஒரு ஃபிளாட் இருக்கும். அந்தக் கோட்டுக்கு மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். தாளில் எந்த உயரத்தில் பி வந்தாலும் அது பி ஃபிளாட்தான். நடுவில் ஒரு நோட்டுக்குப் பக்கத்தில் வரும் குறிக்கு வழக்கு வேறு: அதே உயரத்தில் உள்ள நோட்டுக்கு மட்டும், அந்தப் பார் முடியும்வரை.

இது தெரிந்தும் பிழைப்பதற்கு நம்மிடம் ஒரு தனிக் காரணம் உண்டு. தாள் வட்ஸ்அப்பில் படமாக வருகிறது. எடுத்தவர் இடது ஓரத்தை வெட்டியிருப்பார். கிளெஃபும் குறியும் அதோடு போய்விடும். அந்தப் படத்தைப் போட்டோக்கொப்பி எடுத்தால் புள்ளி வைத்த நோட்டின் புள்ளியும் காணாமல் போகும். பழைய இசைமேதைகளின் தாள்கள் ஐஎம்எஸ்எல்பி என்ற இணையத்தளத்தில் இலவசமாக, முழுப் பக்கமாகக் கிடைக்கின்றன. அங்கிருந்து இறக்கி, ஏ4 தாளில் நேராகப் பிரிண்ட் எடுங்கள். நீங்கள் வாசிக்கக்கூடியதைவிட நன்றாக இலகுவானதைத் தேர்ந்தெடுங்கள், முன்பே கேட்டிராத பாட்டாக இருக்கட்டும். கேட்ட பாட்டை இரண்டாவது வரியிலிருந்து காது எடுத்துக்கொள்ளும். ஒரு தாளை மூன்று, நான்கு நாளுக்கு மேல் வைத்திருக்கவும் வேண்டாம். மனப்பாடம் ஆகிவிட்டால் அது வாசிப்புப் பயிற்சிக்கு உதவாது, அடுத்ததை எடுங்கள்.