உப்பு சீடைய சுண்டைக்காய் சைஸ்லதான் உருட்டணும், ஏன்னா...

கோகுலாஷ்டமி வந்தா எங்க வீட்டுல வருஷா வருஷம் ஒரே பஞ்சாயத்துதான், சீடைய எவ்ளோ பெருசா உருட்டுறதுன்னு. அம்மா சுண்டைக்காய் கட்சி, பெரியம்மா நெல்லிக்காய் கட்சி. ஒரே மாவு, ஒரே எண்ணெய், ஆனா ரெண்டு பேர் உருட்டினதையும் வாயில போட்டா சத்தியமா ருசி வேற வேற!

கணக்கு போட்டுப் பாருங்க. 2 செ.மீ. குறுக்களவு உள்ள ஒரு உருண்டைய பிரிச்சு 1 செ.மீ. உருண்டையா உருட்டினா 8 வரும், மாவு அதேதான், ஆனா எட்டோட மேல்தோலையும் கூட்டினா பெரியவன் தோலைப் போல ரெண்டு மடங்கு. சீடையோட உயிரே அந்த செவந்த தோல்தானே, எள்ளு பொரிஞ்ச வாசம், மொறுமொறுப்பு எல்லாம் அங்கதான் இருக்கு, அப்போ ஒரு கைப்பிடி அள்ளினா சின்னதுல டபுள் ருசி. அதுக்குன்னு மிளகு சைஸுக்குப் போயிடாதீங்க, உள்ள மாவே இல்லாம முழுக்க தோலாகி கல்லு மாதிரி ஆயிடும்.

ஒரு கப் வறுத்து சலிச்ச பச்சரிசி மாவு, 2 ஸ்பூன் வறுத்து அரைச்ச உளுந்து மாவு (இதையும் கண்டிப்பா சலிக்கணும்), ஒரு ஸ்பூன் வெண்ணெய், எள்ளு, பெருங்காயம், உப்பு, கொஞ்சம் தேங்காத்துருவல், தண்ணி தெளிச்சு பிசைஞ்சுக்கோங்க. முதல்ல ஒரே ஒரு உருண்டைய சாம்பிளா உருட்டி தட்டு ஓரத்துல வச்சுட்டு மத்ததெல்லாம் அதைப் பாத்தே உருட்டுங்க, ஒரே ஈடுல பெருசும் சிறுசும் கலந்தா சின்னது கருகிடும் பெருசு உள்ள வேகாம நிக்கும். அழுத்தி வழவழன்னு உருட்டவே கூடாது, லேசா விரிசல் இருந்தா நல்லதுதான், ஏன்னா உள்ள இருக்குற ஈரம் ஆவியாகி வெளிய வர வழி வேணும், வழி இல்லன்னா டமால்னு வெடிச்சு எண்ணெய் மூஞ்சில தெறிக்கும். பெரிய உருண்டைல ஆவி நடுவுலேர்ந்து வர தூரம் அதிகம், அதனால பயமும் அதிகம். துணில பரத்தி கொஞ்ச நேரம் உலர விடுங்க, ஊசியால ஒரு குத்து குத்துங்க, மிதமான தீல போட்டு சடசட சத்தம் அடங்கினதும் எடுத்துடுங்க.

வெல்ல சீடைக்கு மட்டும் இந்தக் கணக்க அப்படியே திருப்பிப் போடணும். அதுல நமக்கு வேண்டியது உள்ள இருக்குற மெத்துமெத்து, தோல் இல்ல, வெல்லம் வேற சீக்கிரம் கருகும், சுண்டைக்காய் சைஸ்ல போட்டா உள்ள மெத்துன்னு ஆகுறதுக்கு முன்னாடியே கசந்துடும். நெல்லிக்காய் சைஸ், சின்ன தீ, பொறுமை.

அதனால இப்போ எங்க வீட்டுல உப்பு அம்மாவுக்கு, வெல்லம் பெரியம்மாவுக்குன்னு பிரிச்சாச்சு.