உங்கள் ஊரின் மக்கள்தொகை விவரத்தை நீங்களே எடுக்கும் முறை

ஊர்ச் சங்க மலருக்காக எங்கள் கிராமத்தின் மக்கள்தொகையைச் சென்னையில் இருந்தபடியே தேடியபோது, பக்கத்துக்குப் பக்கம் வேறு வேறு எண்கள் வந்தன. ஆகவே மூல அட்டவணைக்கே போய்விடுவதுதான் நல்லது.

இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் இணையத்தளத்தில், 2011ஆம் ஆண்டின் ‘பிரைமரி சென்சஸ் ஆப்ஸ்ட்ராக்ட்’ என்ற அடிப்படைச் சுருக்க அட்டவணையை உங்கள் மாவட்டத்துக்கு இறக்கிக்கொள்ளுங்கள். கைபேசியில் திறந்தால் கண்தான் வலிக்கும். கணினியில் லிப்ரே ஆபிஸ் கால்க் என்ற விரிதாள் மென்பொருள் போதும், காசும் கேட்காது.

இனி ஊரைக் கண்டுபிடிக்க வேண்டும். பலரும் சிக்கிக்கொள்வது இங்கேதான். 2011இல் தமிழ்நாட்டில் 32 மாவட்டங்களே இருந்தன, இன்று 38. மதுராந்தகம் பக்கத்து ஊர் இப்போது செங்கல்பட்டு மாவட்டம் என்றாலும் அட்டவணையில் காஞ்சிபுரத்தின் கீழ்தான் இருக்கும். அடுத்து, அட்டவணையில் ‘கிராமம்’ எனப்படுவது வருவாய் கிராமம். ஊராட்சியும் அன்று, நாம் ஊர் என்று அழைக்கும் குக்கிராமமும் அன்று. வீட்டுப் பட்டாவில் ‘வருவாய் கிராமம்’ என்ற இடத்தில் எந்தப் பெயர் இருக்கிறதோ அதைத் தேடுங்கள். ஒரே பெயரில் பல ஊர்கள் வந்தால் தாலுகாவைப் பார்த்துப் பிரித்தறியலாம்.

மாவட்டக் கூட்டுத்தொகை, தாலுகா கூட்டுத்தொகை, கிராமம் ஆகியவை ஒரே தாளில் அடுத்தடுத்து வருவதால், வடிகட்டாமல் நெடுவரிசையைக் கூட்டினால் ஒரே ஆள் பலமுறை எண்ணப்படுவார். கிராம வரிசைகளை மட்டும் வடிகட்டிக்கொள்ளுங்கள்.

எழுத்தறிவு விகிதத்துக்கு மொத்த மக்கள்தொகையால் வகுக்கக் கூடாது. ஏழு வயதுக்கு உட்பட்டோரைக் கழித்துவிட்டு வகுக்க வேண்டும். ஓர் ஊரில் 1,200 பேர், அவர்களில் ஆறு வயது வரையிலான குழந்தைகள் 120, எழுத்தறிந்தோர் 810 என்று வைத்துக்கொண்டால், 810ஐ 1,080ஆல் வகுக்க 75 விழுக்காடு வரும். கழிக்க மறந்தால் 67.5தான்.

பாலின விகிதம் என்பது ஆயிரம் ஆண்களுக்கு எத்தனை பெண்கள் என்பது. மாநில அளவில் 2011இல் இது 996. குழந்தைகளுக்கான விகிதத்தைச் சிற்றூருக்குத் தனியே கணக்கிட்டு முடிவு கட்டுவதை நான் ஏற்பதில்லை. அதே ஊரின் 120 குழந்தைகளில் ஆண் 63, பெண் 57 என்றால் விகிதம் 905. மூன்றே ஆண் குழந்தைகளின் இடத்தில் பெண் குழந்தைகள் பிறந்திருந்தால் அது 1,000 ஆகியிருக்கும்.

தொழில் விவரத்தில் ஆண்டுக்கு ஆறு மாதமோ அதற்கு மேலோ வேலை செய்தவர் முதன்மைத் தொழிலாளர், குறைவாகச் செய்தவர் குறுகியகாலத் தொழிலாளர். சாதியில் பட்டியல் சாதி, பழங்குடி எண்ணிக்கை மட்டுமே கிடைக்கும். மதவாரி விவரத்தைக் கிராம அளவில் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

பின்சேர்க்கை: சென்னையை ஒட்டிய ஊர்க்காரர் சிலர் தங்கள் ஊரே பட்டியலில் இல்லை என்று எழுதியிருந்தார்கள். மாநகராட்சி விரிவாக்கத்தில் 25 ஊராட்சிகள் உட்பட 42 உள்ளாட்சிகள் சேர்ந்தது 2011 அக்டோபரில். கணக்கெடுப்பு அதற்கு முன்பே முடிந்துவிட்டது. எனவே அவற்றைச் சென்னை மாவட்டக் கோப்பில் தேடாமல் திருவள்ளூர், காஞ்சிபுரம் கோப்புகளில் தேடுங்கள். அங்கும் கிராம வரிசையில் இல்லையென்றால் நகர வரிசைகளையும் பாருங்கள்: 5,000 பேருக்குக் குறையாமல், நெருக்கமாக வாழ்ந்து, ஆண் தொழிலாளரில் முக்கால்வாசிப் பேர் விவசாயம் அல்லாத வேலை செய்த ஊராட்சிகள் ‘சென்சஸ் டவுன்’ என்ற பெயரில் அங்கே போய்விட்டன.