போட்டோஷாப்பில் தண்ணீர்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

போட்டோஷாப் கற்க வருகிறவர்களிடம் வறண்ட குளத்தின் படம் ஒன்றைக் கொடுத்து, தண்ணீர் நிரப்பச் சொல்வது என் வழக்கம். மதுரை வண்டியூர் தெப்பக்குளத்தின் பழைய படங்கள் இதற்குத் தோதானவை. இப்போது வைகைத் தண்ணீர் வருகிறது. அதற்கு முன் குளம் காய்ந்து கிடந்து, பையன்கள் உள்ளே கிரிக்கெட் ஆடிய காலம் உண்டு. சுற்றிலும் படிகள், நடுவில் சுவர் சூழ்ந்த தீவு, அதில் மைய மண்டபம். பயிற்சிக்கு வேண்டிய எல்லாச் சிக்கலும் அதில் இருக்கிறது.

ஒவ்வொரு பேட்சும் அதே இடங்களில்தான் சறுக்குகிறது. ஆரம்பத்தில் நானும் சறுக்கிய இடங்கள்தான். ஒரிஜினல் லேயரிலேயே (மூலப் படம் இருக்கும் அடுக்கிலேயே) கைவைப்பது, மாஸ்க் (அழிக்காமல் மறைக்கும் திரை) போடாமல் அழிப்பது போன்றவற்றை முதல் வாரத்திலேயே யாராவது சொல்லித் திருத்திவிடுவார்கள். அதை விடுகிறேன்.

படத்தை அப்படியே கவிழ்த்து ஒட்டுவது

மண்டபத்தை செலக்ட் செய்து, காப்பி எடுத்து, ஃபிளிப் வெர்ட்டிகல் கொடுத்து, கீழே இறக்கி, ஒபாசிட்டியை (ஒளிபுகாத் தன்மையை) பாதியாக்குவது. வீடியோக்களில் இதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுக்கிறார்கள். பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வருகிறது.

தண்ணீரில் தெரிவது வேறொரு கோணத்துக் காட்சி. உங்கள் கேமரா நீர்மட்டத்துக்கு எவ்வளவு மேலே இருக்கிறதோ, நேர் கீழே அதே அளவு ஆழத்தில் இன்னொரு கேமரா அண்ணாந்து பார்ப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அதற்கு என்ன தெரியுமோ அதைக் கவிழ்த்தால் கிடைப்பதுதான் பிம்பம்.

இதனால் என்ன ஆகிறது? மைய மண்டபத்தின் விமானம் (மேலே எழும் கோபுரம்), தீவின் முன்சுவரைவிட நன்றாகப் பின்னால் தள்ளி நிற்கிறது. கீழேயிருந்து பார்க்கும் கேமராவுக்கு முன்சுவர் அதிகம் மறைக்கும். ஆகவே தண்ணீரில் விமானம் குட்டையாகத் தெரிய வேண்டும். பின்னால் இருக்கும் மரங்கள் இன்னும் அமுங்கிப்போகும். கூரை விளிம்பின் அடிப்பக்கம், மேலே பார்ப்பதைவிட அதிகமாகத் தெரியும். பக்கத்து மாடியிலிருந்து எடுத்த படம் என்றால் இன்னும் மோசம்: தீவின் தரை முழுக்கப் படத்தில் இருக்கும், கவிழ்த்து ஒட்டினால் அந்தத் தரையும் தண்ணீருக்குள் வந்துவிடும். மட்டமாகக் கிடக்கும் தரை எந்தக் குளத்திலும் அப்படித் தெரியாது.

எனக்குத் தெரிந்த ஒரு ஸ்டூடியோவில் கல்யாண ஆல்பம் ஒன்றின் அட்டைக்கு இப்படித்தான் செய்தார்கள். பிரிண்ட் போட்டு, பைண்டிங் முடித்து, வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தும் ஆயிற்று. பெண்ணின் தாத்தா அட்டையைப் பார்த்த உடனே, “தம்பி, தண்ணியில கோபுரம் இவ்வளவு நீளமா விழாதே” என்றார். அவருக்கு ஃபிளிப்பும் தெரியாது, லேயரும் தெரியாது. தினம் குளத்தைப் பார்த்த கண் அது. ஆல்பத்தை ஸ்டூடியோ செலவிலேயே திரும்பப் போட வேண்டியதாயிற்று.

சரி, எப்படிச் செய்வது? முன்சுவர், மரம், விமானம் ஒவ்வொன்றையும் தனித்தனி லேயராக வெட்டுங்கள். ஒவ்வொன்றையும் அதனதன் அடி நீர்மட்டத்தைத் தொடும் கோட்டில் மடக்குங்கள். விமானத்தின் அடி சுவருக்குப் பின்னால் மறைந்திருக்கும். குளத்துத் தண்ணீர் தீவுக்குள்ளும் பரவி, விமானம் நிற்கும் இடம்வரை போவதாக வைத்துக்கொண்டால், அங்கே நீர்மட்டம் படத்தில் எந்த உயரத்தில் வரும்? அதுதான் விமானத்தின் மடிப்புக் கோடு. தீவின் பக்கச் சுவர்களின் அடிக்கோட்டைப் பின்னோக்கித் தொடர்ந்தால் இது பிடிபடும். முன்சுவரின் கோட்டைவிட இது மேலே வரும். மடக்கிய பிறகு முன்சுவரின் பிம்பத்தை எல்லாவற்றுக்கும் மேல் லேயராக வையுங்கள். மீதி தானாக மறையும்.

குளம் நிஜமாகவே வறண்டிருந்து, நீங்களே படம் எடுப்பதாக இருந்தால் இந்த வேலையில் பெரும்பகுதி மிச்சம். தண்ணீர் நிற்க வேண்டிய மட்டத்துக்கு எவ்வளவு மேலே நின்று எடுத்தீர்களோ, அவ்வளவு கீழே குளத்துக்குள் இறங்கி அதே லென்ஸில் இன்னொன்று எடுங்கள். அதைக் கவிழ்த்தால் கிட்டத்தட்ட அசல் பிம்பம். கேமரா நீர்மட்டத்தை ஒட்டியே இருந்த படம் என்றால் மட்டும் சாதாரண ஃபிளிப் போதும்.

எல்லா இடத்திலும் ஒரே ஒபாசிட்டி

தண்ணீரை நேர் மேலிருந்து பார்த்தால் 2 சதவீத ஒளிதான் பிரதிபலிக்கும். பார்வை சாயச் சாய அது ஏறி, தூரத்தில் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். ஆக, காலடியில் படியும் பாசியும் தண்ணீரின் சொந்த நிறமும் தெரிய வேண்டும். தள்ளிப்போகப் போகப் பிம்பம் வலுக்க வேண்டும். மாஸ்க்கில் ஒரு கிரேடியன்ட் (கறுப்பிலிருந்து வெள்ளைக்குப் படிப்படியாக மாறும் சாயல்) இழுத்தால் முடிந்தது.

பக்கத்திலும் தூரத்திலும் ஒரே அலை

ரிப்பிள் ஃபில்டரை அப்படியே ஓட்டினால் கரையிலும் மண்டபத்தடியிலும் அலை ஒரே அளவில் வரும். டிஸ்பிளேஸ் ஃபில்டருக்கு மேப் (எந்த இடம் எவ்வளவு நகர வேண்டும் என்று சொல்லும் படம்) தயாரித்து, பெர்ஸ்பெக்டிவ் கொடுத்து, தூரத்தில் நெருக்கமாக்கிய பிறகே சேமியுங்கள். மேப்பின் சிவப்பு சேனல் கிடைவாட்டில் நகர்த்தும், பச்சை சேனல் மேலும் கீழும் நகர்த்தும், 128 அளவுச் சாம்பல் நகர்த்தாது. பச்சைக்குக் கூடுதல் வேலை கொடுங்கள். அலையில் பிம்பம் நம்மை நோக்கி நீளவாக்கில்தான் அதிகம் இழுபடும்.

நீலம்

மேகமூட்டமான வானத்துக்குக் கீழே நீலக் குளம் கிடையாது.

ஈரக் கோடு

நீர் தொடும் இடத்தில் கல் கறுத்திருக்கும். மல்டிப்ளையில் (கீழே உள்ளதைக் கறுக்க வைக்கும் பிளெண்ட் மோடில்) மெல்லிய பட்டை ஒன்று போடுங்கள்.

துளியைக் கோலிக்குண்டு போலத் தீட்டுவது

இலை மேல் நிற்கும் துளிக்கு, வெளிச்சம் வரும் பக்கத்தை வெளுப்பாகவும் எதிர்ப்பக்கத்தைக் கறுப்பாகவும் போடுகிறார்கள். துளி ஒரு லென்ஸ். அங்கே நடப்பது நேர்மாறு. இடது மேலிருந்து வெளிச்சம் வந்தால், அந்தப் பக்கத்தில் ஊசிமுனை அளவு வெள்ளைப் புள்ளி ஒன்று இருக்கும், அதைச் சுற்றித் துளியின் உடல் இருண்டிருக்கும். உள்ளே புகுந்த ஒளி வலது கீழ்ப்பக்கம் கூடி அங்கே பளிச்சிடும். அப்புறம் வெளியே விழும் நிழல். அந்த நிழலுக்குள்ளும் ஒரு வெளிச்சக் கீற்று உண்டு. லேயர் ஸ்டைலில் பெவல் எம்பாஸ் (புடைப்பு எஃபெக்ட்) மட்டும் கொடுத்தால் இது வராது. ஜன்னலோரம் ஒரு வாழையிலையில் நாலு சொட்டு விட்டு, போனில் எடுத்த படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தீட்டுங்கள்.